இருபத்தேழுக்குக் குரல் கொடுத்தவள்

பள்ளி ஆண்டு மலரில் ‘எங்கள் பள்ளி நாட்கள்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி பெரிய மிஸ் கேட்டார். பெரிய மிஸ் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. கடைசி வகுப்பின் லீடர்தான் அந்தப் பக்கத்தை எழுதுவது வழக்கம். போன வருடத்து லீடர் ‘பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்தோம்’ என்று ஆரம்பித்திருந்தாள். அதற்கு முந்தின வருடமும் பட்டாம்பூச்சிதான். எனக்கு அது வரவில்லை. எழுத உட்கார்ந்தால் கிளிதான் வந்து நிற்கிறாள். ஆகவே கிளியைப் பற்றி எழுதுகிறேன். அச்சில் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கிளி என்பது நாங்கள் வைத்த பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால், இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம், ஒரு நாள் வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. வராந்தாவிலிருந்து பெரிய மிஸ்ஸின் குரல் கேட்டது. “யாரது அங்க? வாய மூடத் தெரியாதா?” வகுப்பே கப்சிப். உள்ளே வந்ததோ ஒரு நோஞ்சான் பெண். அடுத்த வருடத்துக்கும் சேர்த்துத் தைத்த பாவாடை, கையில் தண்ணீர் பாட்டில். “சும்மா சொல்லிப் பாத்தேன்” என்றாள். அன்று மத்தியானத்துக்குள் அவள் கிளி ஆகிவிட்டாள்.

அவளுக்குக் குரல் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் விளம்பர வண்டிக்காரர். வண்டியின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், முன்சீட்டில் மைக். செருப்புக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன மாடு, தண்ணீர் வராத தெருக்கள், எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். டயர் கடையின் மாடியில் ஒரே அறை அவர்கள் வீடு. சூடான ரப்பர் வாசனை சாப்பாட்டுத் தட்டு வரை ஏறி வரும். வெளியே நாள் முழுக்கக் கத்துகிற மனிதர் வீட்டில் பேசவே மாட்டார். உப்புத்தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, வேண்டியதைக் கையால் காட்டுவார். அவள் அம்மாவும் கையாலேயே பதில் சொல்லுவார். நான் ஒரு முறை போயிருந்தபோது, நான் வாயைத் திறந்ததே அந்த வீட்டில் அதிகப்படியாகத் தோன்றியது.

ஆறு வயதில் கிளியும் அந்த மைக்கில் பேசியிருக்கிறாள். “அப்பா, எனக்கும் ஒரு ஜோடி” என்று ஒரு ஷூக் கடைக்காக. வளர்ந்த பிறகு அது அவளுக்கு மானம் போகிற விஷயமாகிவிட்டது. எங்கள் வகுப்பு மாடியில், தெருப்பக்கம். வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் தலையை பெஞ்சில் கவிழ்த்துக்கொள்வாள். பாவமாக இருக்கும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். போகப் போக அதுவும் லீடர் வேலையில் சேர்ந்துவிட்டது: போர்டு துடைப்பது, வருகை எழுதுவது, கிளியின் அப்பா வந்தால் ஜன்னல் சாத்துவது.

கிளி இருபத்தாறாம் எண். இருபத்தேழு, லேட்டம்மா. இதுவும் நாங்கள் வைத்த பெயர்தான். அவளுடைய அம்மா துணி ஆலையில் பட்டன் துளை மிஷின் ஓட்டுகிறவர். விடியும் முன்பே ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவார். அப்பா கிடையாது. தம்பியை எழுப்பி, சோறாக்கி, அவனை அவன் பள்ளியில் விட்டுவிட்டு, இவள் பஸ் பிடித்து வருவதற்குள் பாதி நாட்களில் பள்ளி மணி அடித்திருக்கும். எப்போதும் மூச்சிரைக்கத்தான் உள்ளே வருவாள். “பல்லிக்கூடம் ஏன்டி இவ்வலவு தூரத்துல இருக்கு?” என்பாள். அவளுக்கு ‘ள’ வராது. பள்ளிக்கூடம் அவள் வாயில் பல்லிக்கூடம்தான். “சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்குமே, அதானே?” என்று வகுப்பு சிரிக்கும். வருகை கூப்பிடும்போது அவள் “உல்லேன் மிஸ்” என்றால், தினமும் கேட்டதுதான் என்றாலும் தினமும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

கிளி மட்டும் சிரிக்கவில்லை. சத்துணவுப் பாத்திரம் கழுவுகிற குழாயடிக்குப் பின்னால் லேட்டம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, “நாக்க மடிடி. இன்னும் மேல. இப்ப சொல்லு, வெள்ளை” என்று பழக்கினாள். ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வருடம் அலுக்காமல் செய்தாள். ஒரு காலை லேட்டம்மா மூச்சிரைத்துக்கொண்டே சுத்தமாக “உள்ளேன் மிஸ்” என்றபோது கணக்கு மிஸ்கூட நோட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு யாருடைய வருகைக்கும் அவர் தலையைத் தூக்கவில்லை.

கடைசி வருடம் ஒரு புது விதி வந்தது. மாதத்தில் மூன்று முறை தாமதமானால் பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். லேட்டம்மா முதல் வாரத்திலேயே இரண்டை முடித்துவிட்டாள். அவள் அம்மா ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அந்த மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். “அம்மாவ மட்டும் கூப்பிட வைக்காதீங்கடி” என்று அழுதாள்.

அப்போதுதான் கிளி அந்தக் காரியத்தை ஆரம்பித்தாள். வருகை எடுக்கிற கணக்கு மிஸ் நோட்டில் கண் வைத்துக்கொண்டு எண்களைத்தான் கூப்பிடுவார். “இருபத்தாறு.” கிளி தன் குரலில், “உள்ளேன் மிஸ்.” “இருபத்தேழு.” கிளி மோவாயை இறக்கிக்கொண்டு, ஓடி வந்தவளின் மூச்சையும் சேர்த்து, “உள்ளேன் மிஸ்.” எங்களுக்கே முதுகு சிலிர்க்கும். கால் மணி நேரம் கழித்து லேட்டம்மா கேட்டுக்கு வருவாள். வாட்ச்மேன் நல்ல மனிதர், நோட்டில் எழுதாமல் திறந்துவிடுவார். மிஸ் போர்டுப் பக்கம் திரும்பும்போது பின்கதவு வழியாக அவள் பெஞ்சுக்கு வந்துவிடுவாள். நான் போர்டின் மூலையில் ‘பதிவு 42, வருகை 42’ என்று எழுதி, அதே கணக்கைச் சீட்டில் எழுதி ஆபீசில் கொடுத்துவிட்டு வருவேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு பொய் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். ஒன்பது மணிக்குக் கிளி குரல் கொடுத்தாள். நான் 42 எழுதினேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, பின்கதவில் யாரும் வரவில்லை. பத்து மணிக்கு ஒருத்தி, “இன்னிக்கு மகாராணி லீவு போல” என்றாள். லீவென்றால் சீட்டைத் திருத்த வேண்டும். திருத்தினால், ஒன்பது மணிக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்பார்கள். விட்டுவிட்டேன்.

என்ன நடந்தது என்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஒன்பது நாற்பதுக்கு, பாதி வழியில் அவள் பஸ் மாறுகிற நிறுத்தத்தில் பஸ் நிரம்பி வந்திருக்கிறது. எல்லோரும் செய்வதுபோல, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, ஏறுவதற்காகப் படிக்கட்டுப் பக்கம் ஓடியிருக்கிறாள். பஸ் நகர்ந்துவிட்டது. பின்னால் வந்த சரக்கு வேன் அடித்துவிட்டது. பை பஸ்ஸோடு போய்விட்டது. கயிறு கழுத்தை அரிக்கிறது என்று அடையாள அட்டையையும் பைக்குள்தான் போட்டிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவள் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நினைவும் இல்லை. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. இந்த ஊரில் மூன்று பள்ளிகளுக்கு அதே நீலம். போலீசில் மூன்றுக்கும் போன் செய்து, பதினேழு வயதுப் பெண் யாராவது வராமல் இருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கிளார்க் என் சீட்டைப் பார்த்துவிட்டு, “கடைசி வகுப்புல எல்லாரும் வந்திருக்காங்க சார். நாப்பத்திரெண்டுக்கு நாப்பத்திரெண்டு” என்று சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டரை மணிக்குக் கிளியின் அப்பாவுடைய வண்டிச் சத்தம் கேட்டது. அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் எழுந்து போனேன். ‘நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை’ என்று காதில் விழுந்தது. சீருடைத் துணி தள்ளுபடி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டு மணிக்கு லேட்டம்மா செத்துப்போனாள். ஐந்து மணிக்கு பஸ் டிப்போவில் பையைப் பிரித்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஆறு மணிக்கு ஆலையில் ஷிப்டு விட்டு, பெட்டியில் பூட்டி வைத்திருந்த போனைக் கையில் எடுத்தபோதுதான் அவள் அம்மாவுக்குத் தெரிந்தது.

மறுநாள் பள்ளி தன் தலையைக் காப்பாற்றிக்கொண்டது. மாணவி ஒன்பது மணிக்கு வகுப்பில் இருந்திருக்கிறாள், பதிவேட்டில் இருக்கிறது, பிறகு யாருக்கும் சொல்லாமல் வெளியே போயிருக்கிறாள். பெரிய மிஸ் இப்படித்தான் அறிவித்தார். அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்ததைத்தான் திருப்பிச் சொன்னார். வாட்ச்மேன் மட்டும், “அந்தப் பொண்ணு அன்னிக்கு உள்ளயே வரலம்மா. தினம் லேட்டா வர்ற பொண்ணு, எனக்குத் தெரியாதா?” என்றார். “தினம் லேட்டா வந்தா நோட்டுல ஏன் எழுதல?” என்று கேட்டார்கள். வாரக் கடைசியில் அவருடைய நாற்காலியில் வேறு ஆள் இருந்தார்.

அதற்குள் ஊர் வாய் கிளம்பிவிட்டது. பள்ளிக்கு வந்தவள் எதற்காக வெளியே போனாள்? யாரைப் பார்க்கப் போனாள்? ஒரு பையன் என்றார்கள். பிறகு அவனுக்கு ஒரு பைக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் அந்த பைக்குக்குச் சிவப்பு நிறமும் வந்துவிட்டது. தம்பிக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு பஸ்ஸின் பின்னால் ஓடியவள் அவள். அவளைப் பற்றி இப்படிப் பேசினார்கள். நாற்பத்தொரு பேரும் காதில் வாங்கிக்கொண்டு கம்மென்று இருந்தோம்.

மூன்றாம் நாள் கிளி பெரிய மிஸ் அறைக்குப் போகப் புறப்பட்டாள். மாடிப்படித் திருப்பத்தில் வழி மறித்தேன்.

“எங்கடி போற?”

“சொல்லிடறேன். நேத்து அப்பா பேசினாரு. வீட்ல. வாயத் தொறந்து பேசினாரு.”

“என்ன சொன்னாரு?”

“போலீஸ்ல சொல்லி அவருதான் மைக்ல சொல்லிட்டுப் போனாராம். ‘உங்க ஸ்கூல் பொண்ணாமே? உங்க வாசல்லயே ரெண்டு தரம் போனேன். ஒருத்தர்கூட எட்டிப் பாக்கல’ன்னாரு.” அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

“நீ சொன்னா மாட்டறது நீ மட்டுமில்ல. போர்டுல எழுதினது நான். சீட்டு என் கையெழுத்து. மொத்த வகுப்பையும் பரீட்சை எழுத விடாம பண்ணிட்டா? இப்ப சொன்னா அவ திரும்பி வந்துடுவாளா?”

“அவங்கம்மா?”

“பரீட்சை முடியட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அவள் வகுப்புக்குத் திரும்பினாள். லீடர் சொன்னால் கேட்கிற வகுப்பு எங்களுடையது.

அதோடு கிளியின் குரல்கள் நின்றுபோயின. யார் கெஞ்சியும் யாரையும் போலப் பேசவில்லை. தன் குரலிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கணக்கு மிஸ் இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். “இருபத்தாறு” என்றால் கிளி கையை மட்டும் உயர்த்துவாள். அடுத்தது இருபத்தெட்டு. அந்த இடத்தில் மிஸ்ஸின் பேனா ஒரு நொடி நிற்கும். லேட்டம்மா என்ற பெயரையும் யாரும் சொல்வதில்லை. செத்தவர்களின் பெயருக்கு முன்னால் லேட் என்று போடுவார்களே, அது ஞாபகம் வந்துவிடும்.

ஏழு மாதம் இப்படி ஓடியது. பரீட்சை முடிந்தது. கிளி என்னிடம் வந்து, “அப்புறம் பாக்கலாம்னியே?” என்று கேட்டாள். பிரிவு விழா முடியட்டும் என்றேன்.

விழா போன வெள்ளிக்கிழமை நடந்தது. அரங்கத்தில் பலூன், கேக், இரண்டு மின்விசிறி. ஒவ்வொருத்தியாக எழுந்து மறக்க முடியாத ஒரு நினைவைச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஆய்வுக்கூடத்தில் பாவாடையைப் பொசுக்கிக்கொண்டதைச் சொன்னாள். ஒருத்தி கணக்கு மிஸ் செருப்பை மாற்றிப் போட்டு வந்த நாளைச் சொன்னாள். சிரித்தோம், அழுதோம், ஒருவர் சட்டையில் ஒருவர் கையெழுத்துப் போட்டோம். ஆறு வருடத்தையும் பூசி மெழுகி அழகாக வைத்துவிட்டோம். நான் என்ன சொன்னேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ‘இந்த வகுப்பில் எப்போதும் ஒற்றுமை இருந்தது’ என்றேன்.

கடைசியில் லேட்டம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு அவள் அம்மாவிடம் கொடுத்தார்கள். ஆலைச் சீருடையோடு வந்திருந்தார், காலரில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. “ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று பெரிய மிஸ் ஒப்புக்குத்தான் சொன்னார். அந்த அம்மா நிஜமாகவே மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்குப் பேச வராது. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவ உங்க கூடத்தான் இருந்தா. அன்னிக்கு யாரப் பாக்கப் போனா? அந்தப் பையன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். எங்கெங்கயோ விசாரிச்சுப் பாத்துட்டேன். எம்பொண்ணு கடைசியா என்ன பேசினான்னு மட்டும் அவன்கிட்ட கேக்கணும்.”

ஏழு மாதமாக இந்த அம்மா, இல்லாத ஒரு பையனைத் தேடி அலைந்திருக்கிறார். நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கிளி எழுந்து நின்றாள்.

“யாரையும் பாக்கப் போகலம்மா. அவ அன்னிக்கு ஸ்கூலுக்கே வரல. வர்ற வழியிலதான் அடிபட்டா. அவ நம்பருக்கு உள்ளேன் சொன்னது நான். அவ மாதிரியே பேசி.”

பெரிய மிஸ் மைக்குக்குக் கை நீட்டினார். அந்த அம்மா கொடுக்கவில்லை.

“எப்படிச் சொன்னே?”

கிளி ஏழு மாதமாக எடுக்காத குரலை எடுத்தாள். மோவாயை இறக்கினாள். ஓடி வந்த மூச்சு முதலில் வந்தது. “உள்ளேன் மிஸ்.”

எனக்குப் பின்னால் ஒருத்தி விம்மினாள். அந்த அம்மா மட்டும் தலையை ஆட்டினார். “இது அவ இல்லையே. அவளுக்கு ‘ள’ வராதே. வீட்டுல வெல்லை, பல்லிக்கூடம்னுதானே சொல்லுவா?”

“இங்க வரும்மா. ரெண்டு வருஷம் பழகினா. வீட்டுல தம்பி கிண்டல் பண்ணுவான்னு அப்படிப் பேச மாட்டா. பரீட்சை முடிஞ்சதும் உங்க முன்னாடி ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும்னு வெச்சிருந்தா.”

அந்த அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “இன்னொரு தரம் சொல்லு” என்றார். கிளி சொன்னாள். “இன்னொரு தரம்.” கிளி சொன்னாள். எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் அது அழுகையா குரலா என்று பிரிக்க முடியவில்லை.

பெரிய மிஸ் கிளியின் பக்கத்தில் வந்து நின்று, தாழ்ந்த குரலில் கேட்டார். “இது வேற யாருக்குத் தெரியும்?”

கிளி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. “எனக்கு மட்டும்தான் மிஸ்.”

நாற்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நாற்பதில் ஒருத்தி எழுந்திருந்தால் இன்னொருத்தி எழுந்திருப்பாள். முதலில் எழ வேண்டியவள் லீடர். நான் எழவில்லை. நேரமாகிவிட்டது என்று விழாவை முடித்தார்கள்.

நேற்று சான்றிதழ் கொடுத்தார்கள். கிளி தன்னுடையதை வாங்கி, ஒரு முறை படித்துவிட்டு, மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். ‘நடத்தை’ என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதியிருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரியிலும் கால் வைக்க முடியாது. அப்பாவின் வண்டியில் மைக் பிடிக்கப் போவதாகச் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. வாட்ச்மேனை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

ஆகவே, பெரிய மிஸ், நீங்கள் கேட்ட பக்கம் இதுதான். அன்று பதிவு 42, வருகை 41. தெரிந்தே 42 என்று எழுதியது நான். ஜன்னலைச் சாத்தியது நான். மாடிப்படியில் அவளை மறித்ததும் நான். இதன் ஒரு பிரதியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். என் சான்றிதழையும் இதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் நடத்தை ‘மிக நன்று’ என்று இருக்கிறது.